μ, Ω, ° எல்லாம் எப்படித் தட்டச்சு செய்கிறீர்கள்? தேடித் தேடி ஒட்டி அலுத்துவிட்டது

#1 அளவுகோல்

வணக்கம். அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது பத்து இடத்தில் μ, Ω, °, ±, Δ என்று ஏதாவது வந்துவிடும். இத்தனை நாளும் செய்து வந்தது இதுதான்: உலாவியில் ‘ஓம் குறி’ என்று தேடுவேன், முதலில் வரும் பக்கத்தில் இருந்து நகலெடுப்பேன், வேர்டில் கொண்டுவந்து ஒட்டுவேன். ஒட்டும்போது அந்தப் பக்கத்தின் எழுத்துருவும் அளவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். சில நேரம் சாம்பல் நிறப் பின்னணியும் இலவசம்.

இதைவிடப் பெரிய தலைவலி நேற்று வந்தது. பல பேர் கை பட்ட 200 பக்க அறிக்கை. எல்லா Ω குறிக்கும் முன்னால் ஒரு இடைவெளி விடச் சொன்னார்கள். சரி, தேடி மாற்றிவிடலாம் என்று பார்த்தால், பாதி Ω அகப்படுகிறது, மீதி அகப்படவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆனால் ‘இல்லை’ என்கிறது வேர்டு.

எனக்கு இரண்டு கேள்வி. இவற்றை நேராகவே தட்டச்சு செய்ய எது சுலபம்? இந்தத் தேடல் ஏன் இப்படிச் செய்கிறது?

#2 ஒற்றைவரி

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 234. Ω வரும். முடிந்தது.

#3 அளவுகோல்

நன்றி. ஆனால் என்னுடையது மடிக்கணினி, வலப்பக்கம் எண் விசைகள் கிடையாது. மேல் வரிசையில் இருக்கும் எண்களில் அடித்துப் பார்த்தேன். Ω வரவில்லை. வேர்டின் மேல்பட்டையில் இரண்டாவதாக இருக்கும் ‘செயல்நீக்கு’ பொத்தான் இயங்கி, கடைசியாக அடித்த வரி காணாமல் போனதுதான் மிச்சம்.

#4 பழைய டாஸ்காரன்

ஒற்றைவரி அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது தெரியாமல் ஆல்ட் எண்களை நம்பினால் எங்காவது மாட்டிக்கொள்வீர்கள்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் மொத்தம் 256 குறிகளுக்குத்தான் இடம். அந்த அட்டவணைக்குப் பெயர் கோட் பேஜ் 437. 224-இல் தொடங்கிக் கொஞ்சம் கிரேக்க எழுத்துகளை வைத்தார்கள். 224 α, 227 π, 228 Σ, 229 σ, 234 Ω, 235 δ, இப்படி. முழு நெடுங்கணக்கும் இல்லை, கணக்குக்கும் பொறியியலுக்கும் தேவைப்படும் என்று நினைத்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார்கள். λ கிடையாது. சிறிய γ கிடையாது, பெரிய Γ உண்டு. விண்டோஸ் இன்றைக்கும் அந்த அட்டவணையைத்தான் ஆல்ட் எண்களுக்குத் திறந்து பார்க்கிறது.

இதில் மூன்று பொறி இருக்கிறது.

ஒன்று, எண் விசைப்பகுதியில்தான் அடிக்க வேண்டும், நம் லாக் (Num Lock) விசை போட்டிருக்க வேண்டும். மேல் வரிசை எண்கள் இதற்கு உதவாது. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையோடு சேர்த்து எழுத்து விசைகளையே எண் விசைகளாக மாற்றலாம், பலவற்றில் அதுவும் இல்லை.

இரண்டு, முன்னால் சுழி போட்டால் அட்டவணையே மாறிவிடும். 248 அடித்தால் ° வரும். அதே பாகைக் குறிக்குச் சுழியோடு அடிப்பதென்றால் 0176. சுழி போட்டால் விண்டோஸின் சொந்த அட்டவணை, போடாவிட்டால் டாஸ் காலத்து அட்டவணை. ± வேண்டுமென்றால் 241 அல்லது 0177. விண்டோஸின் அந்தச் சொந்த அட்டவணையில் α, Ω எல்லாம் இல்லை.

மூன்று, கணினியின் வட்டார அமைப்பு. எல்லாக் கணினியிலும் 437 இருக்கும் என்று நினைக்காதீர்கள். மேற்கு ஐரோப்பாவுக்கான 850 அட்டவணை உள்ள கணினியில் 224 அடித்தால் α வராது, தலையில் கீற்று போட்ட பெரிய ஓ வரும். எண்ணை மனப்பாடம் செய்தவர் வேறு கணினியில் உட்கார்ந்ததும் விழிப்பது இதனால்தான்.

#5 ஆய்வேடு முடித்தவள்

225-ஐ விட்டுவிட்டீர்களே! அதை β என்று நம்பி ஆய்வேடு முழுக்க அடித்தவள் நான். அது β அல்ல, ஜெர்மன் மொழியின் இரட்டை எஸ் எழுத்து. சிறிய எழுத்தளவில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. கடைசி வாரம் எழுத்துருவை மாற்றினேன், எல்லா β-வும் கால் மடக்கிக்கொண்டு எஸ் ஆகி நின்றன.

#6 பழைய டாஸ்காரன்

ஆமாம், அது பிரபலமான பள்ளம். இடம் பத்தாமல் ஒரே உருவத்தை இரண்டு வேலைக்கும் வைத்திருந்தார்கள். பின்னாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றும்போது யாராவது ஒருவருக்குத்தானே கொடுக்க முடியும்? ஜெர்மன்காரருக்குப் போய்விட்டது.

#7 மூன்று விசைப்பலகை

எண்ணை எல்லாம் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? விண்டோஸ் மொழி அமைப்பில் கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் அழுத்தினால் மாறிக்கொள்ளும். பெரும்பாலும் ஒலியை வைத்தே ஊகிக்கலாம். ஏ விசையில் α, பி (B)-யில் β, டி-யில் δ, எல்-லில் λ, எம்-மில் μ, இன்னொரு பி (P)-யில் π. ஷிஃப்டோடு அடித்தால் பெரிய எழுத்து. ஊகிக்க முடியாதவை நாலைந்துதான்: θ யூ விசையில் இருக்கிறது, ω வி-யில், ψ சி-யில், ξ ஜே-யில். இரண்டு நாள் அடித்தால் கை பழகிவிடும்.

ஒரே எச்சரிக்கை. தமிழ்99, ஆங்கிலம், கிரேக்கம் என்று மூன்றையும் வைத்திருப்பவர்கள் எதில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு அடியுங்கள். மேலாளருக்கு ‘சரி சார்’ என்று அனுப்பப் போய் மூன்று கிரேக்க எழுத்துகளை அனுப்பிவைத்த பெருமை எனக்கு உண்டு. அவர் அதை ஏதோ சமன்பாடு என்று நினைத்துக்கொண்டார்.

#8 ஒற்றைவரி

°, ± கிரேக்க எழுத்துகள் இல்லையே. அவற்றுக்கு?

#9 மூன்று விசைப்பலகை

அவற்றுக்கு விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும். பொம்மை முகங்கள் வரும் பலகைதான், அதில் குறிகளுக்கென்று தனித் தாவல் இருக்கிறது. கொஞ்சம் மெதுவான வழி, ஆனால் எண் விசைகள் தேவையில்லை. ஐபோனில் என்றால் 0 விசையை அழுத்திப் பிடியுங்கள், ° எட்டிப் பார்க்கும்.

#10 அச்சுக்கோப்பு

யாரும் இன்னும் ‘சிம்பல்’ எழுத்துருவைச் சொல்லவில்லை. சொல்வதற்குள் தடுத்துவிடுகிறேன்.

சிம்பல் என்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து ஏ அடித்தால் திரையில் α தெரியும், எம் அடித்தால் μ தெரியும். வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அடுத்து அடிக்கும் எழுத்து சிம்பலுக்குப் போய்விடும், அதனால் பழைய ஆட்கள் பலருக்கு இது கைவந்த கலை. ஆனால் கோப்புக்குள் அது இன்னமும் ‘எம்’தான். μ என்பது மேலே போட்ட வேடம்.

பாமினி எழுத்துருவில் அடித்த அனுபவம் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். பாமினியில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். எழுத்துருவை மாற்றியதும் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று பல்லிளிக்கும். அதே எம் விசை பாமினியில் அ, சிம்பலில் μ, வேடம் கலைந்தால் இரண்டுமே எம்.

இதில் என் கையையே சுட்டுக்கொண்டேன். ஒரு மருந்தின் தகவல் தாளை வடிவமைக்க வந்தது. மூலக் கோப்பில் ‘50 μg’ என்பதில் μ மட்டும் சிம்பல் எழுத்துரு. நான் வழக்கம்போல் வடிவமைப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் எழுத்தாக ஒட்டினேன். μ இருந்த இடத்தில் எம் வந்து உட்கார்ந்தது. 50 மைக்ரோகிராம், 50 மில்லிகிராம் ஆகிவிட்டது. 1000 மடங்கு. கட்டமோ கேள்விக்குறியோ வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் மில்லிகிராம் என்பது எந்த மருந்துத் தாளிலும் இருக்கக்கூடிய அலகு, பார்த்தால் சந்தேகமே வராது. பிழை திருத்துபவர் வேறொரு பத்தியில் ‘மைக்ரோகிராம்’ என்று எழுத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, ‘இது எப்படி அது எப்படி?’ என்று கேட்டதால் அச்சுக்குப் போகும் முன் தப்பியது.

மருந்துத் துறையில் μ போட்டு எழுதவே வேண்டாம் என்கிறார்கள். மருந்துப் பிழைகளைத் தடுக்கப் பாடுபடும் அமெரிக்காவின் ஐஎஸ்எம்பி அமைப்பு வெளியிடும் ‘தவறுக்கு இடம் தரும் சுருக்கங்கள்’ பட்டியலில் இது இருக்கிறது. கையால் எழுதும்போது μ எம் போலத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. கணினியிலும் அதே விபத்து வேறு வழியாக நடக்கிறது.

ஆகவே எந்த வழியில் வேண்டுமானாலும் அடியுங்கள், எழுத்துருவை மாற்றி அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். வேர்டின் ‘செருகு, குறியீடு’ பெட்டியில் எடுக்கும்போதும் மேலே எழுத்துரு ‘சிம்பல்’ என்று இருந்தால் ‘இயல்பான உரை’ என்று மாற்றிவிட்டு எடுங்கள்.

#11 அளவுகோல்

படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் பழைய அறிக்கைகளில் சிம்பல் நிறைய இருக்கிறது. அப்போது என் Ω தேடலில் அகப்படாததும் இதனால்தானா?

#12 குறியெண்

இருக்கலாம், ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு சந்தேகம் எனக்கு.

யூனிகோடில் Ω இரண்டு உண்டு. கிரேக்கப் பெரிய ஒமேகா ஒன்று, மின்தடைக்கான ஓம் குறி ஒன்று. முந்தையதன் பதின்ம எண் 937, பிந்தையது 8486. பழைய குறிமுறைகளில் இருந்து வரும் கோப்புகள் சேதமாகாமல் இருக்க இரண்டாவதையும் வைத்துக்கொண்டார்கள். புதிதாக எழுதும்போது கிரேக்க ஒமேகாவையே போடச் சொல்கிறது யூனிகோடு. நீங்கள் வலைப்பக்கங்களில் இருந்து எடுத்து ஒட்டியதால் இரண்டும் கலந்து வந்திருக்கும்.

தமிழில் நமக்குப் பழகின நோய்தான் இது. ‘ஔவை’ என்று ஒரே எழுத்தாக ஔ போட்டு எழுதுபவர் ஒருவர், ஒ-வும் ள-வும் அடுத்தடுத்து அடித்து ‘ஒளவை’ என்று எழுதுபவர் இன்னொருவர். தாளில் இரண்டும் ஒன்று. தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது.

கிரேக்கக் குறிகளில் இந்த இரட்டையர் கூட்டம் பெரிது. மைக்ரோ குறி (181) வேறு, கிரேக்க மியூ (956) வேறு. கூட்டுத்தொகைக் குறி ∑ வேறு, சிக்மா Σ வேறு. ∆ என்ற கணிதக் குறி வேறு, Δ என்ற டெல்டா எழுத்து வேறு. பாகைக் குறி ° இருக்கிறதே, அதன் பக்கத்திலேயே º என்று ஒன்று நிற்கும். அது ஸ்பானியம் போன்ற மொழிகளில் ‘முதலாவது, இரண்டாவது’ என்று எழுதும்போது போடும் சின்ன ஓ. சில எழுத்துருக்களில் அதற்கு அடிக்கோடு இருக்கும், அதை வைத்துத் திருடனைப் பிடிக்கலாம். 25 பாகை வெப்பத்தில் அடிக்கோடு தெரிந்தால் அது பாகையே இல்லை.

எது எது என்று பார்க்க வேர்டிலேயே வழி இருக்கிறது. சந்தேகப்படும் குறியை மட்டும் தேர்ந்தெடுத்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்துங்கள். குறி மறைந்து அதன் பதினாறடி எண் தெரியும். ஓம் குறி என்றால் 2126 என்று காட்டும் (மேலே சொன்ன 8486-தான், பதினாறடி முறையில் எழுதியது). 03-இல் தொடங்கினால் கிரேக்க எழுத்து. பார்த்துவிட்டு மறுபடி ஆல்ட் எக்ஸ், பழையபடி குறியாகிவிடும்.

இதையே தட்டச்சு செய்யவும் பயன்படுத்தலாம். 0394 என்று அடித்து ஆல்ட் எக்ஸ் அழுத்தினால் Δ. 2260 அடித்தால் ≠, 2264 அடித்தால் ≤. எண் விசைப்பகுதி வேண்டாம், மேல் வரிசையே போதும், மடிக்கணினிக்கு ஏற்றது. ஆனால் எண்ணுக்கு ஒட்டி அடிக்கும்போது கவனம். 10-க்குப் பக்கத்திலேயே 0394 அடித்துவிட்டு அழுத்தினால் முன்னால் இருக்கும் 10-ஐயும் சேர்த்து 100394 என்று விழுங்கிவிடும், ஒரு வெற்றுக் கட்டம்தான் கிடைக்கும். குறியெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு அழுத்த வேண்டும்.

உங்கள் 200 பக்கத்துக்கு: தேடல் பெட்டியில் தொப்பிக் குறி (ஷிஃப்ட் 6), சிறிய யூ, அப்புறம் 8486, மூன்றையும் இடைவெளி விடாமல் அடியுங்கள். ஓம் குறிகள் மட்டும் அகப்படும். மாற்றும் பெட்டியில் நல்ல Ω ஒன்றை ஒட்டி, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு இடைவெளி வேலையைப் பாருங்கள்.

#13 பின்சாய்வு

லாடெக்கில் (கட்டளைகளாக எழுதி ஆவணம் தயாரிக்கும் மென்பொருள்) எழுதியிருந்தால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை. பின்சாய்வு போட்டு ‘ஆல்ஃபா’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் α. டொனால்ட் நூத் 1978-லேயே அதன் அடிப்படையான டெக்கில் தீர்த்துவைத்த பிரச்சினை இது.

#14 அச்சுக்கோப்பு

அறிக்கையை வேர்டில்தான் கேட்கிறார்கள் என்றால் நூத்தைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது?

#15 பின்சாய்வு

கோபப்படாதீர்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். வேர்டுக்கும் அந்த வித்தை தெரியும். ஆல்ட்டும் சமக்குறியும் அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும், அதில் பின்சாய்வும் பெயரும் அடித்து இடைவெளி விசையைத் தட்டினால் எழுத்து மாறிவிடும். பெட்டிக்கு வெளியிலும் வேலை செய்ய வேண்டுமென்றால், தானியங்கித் திருத்த அமைப்பில் ‘கணிதத் தானியங்கித் திருத்தம்’ என்ற தாவலுக்குப் போய், கணிதப் பகுதிக்கு வெளியேயும் விதிகளைப் பயன்படுத்து என்ற கட்டத்தில் குறி போடுங்கள். அப்புறம் சாதாரண வரியிலேயே பின்சாய்வு, ஒமேகா, இடைவெளி என்று அடித்தால் போதும். முதல் எழுத்து பெரிதாக இருந்தால் Ω, சிறிதாக இருந்தால் ω. எண்ணை நினைவில் வைப்பதைவிடப் பெயரை நினைவில் வைப்பது எளிது இல்லையா?

ஒரு வேடிக்கை: டெக்கில் ஓமிக்ரானுக்குக் கட்டளையே வைக்கவில்லை. ஆங்கில ஓ மாதிரியேதான் இருக்கிறது, அதையே அடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். #12-காரர் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

#16 குறியெண்

பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

#17 ஆப்பிள்தோட்டம்

மேக் பயன்படுத்துபவர்களுக்கு: ஆப்ஷன் விசையோடு இசட் அடித்தால் Ω, எம் அடித்தால் µ, பி அடித்தால் π. பாகைக்கு ஆப்ஷன், ஷிஃப்ட், 8. ஆப்ஷனோடு 0 அடித்தால் வருவது மேலே சொன்ன அந்தச் சின்ன ஓ, ஏமாந்துவிடாதீர்கள். ஆப்ஷனோடு ஜே அடித்தால் வரும் முக்கோணமும் டெல்டா எழுத்து இல்லை, கணிதக் குறி. டபிள்யூ-வில் வருவதும் சிக்மா அல்ல, கூட்டுத்தொகை.

#18 பெங்குவின்

லினக்ஸில் கம்போஸ் விசை (அடுத்து அடிக்கும் எழுத்துகளை ஒரே குறியாகச் சேர்க்கும் விசை) வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டிவிட்டு எம், யூ என்று அடித்தால் µ. ஓ இரண்டு முறை அடித்தால் °. கூட்டல், கழித்தல் அடுத்தடுத்து அடித்தால் ±. கண்ணால் பார்த்தே ஊகிக்கலாம், இதைவிட அழகான ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

#19 ஆய்வேடு முடித்தவள்

அப்படியானால் மைக்ரோவுக்கு எதைத்தான் போடுவது? விசைப்பலகைகள் 181-ஐத் தருகின்றன, கிரேக்க விசைப்பலகை 956-ஐத் தருகிறது.

#20 குறியெண்

யூனிகோடு விரும்புவது கிரேக்க மியூ, 956. நானும் அதைத்தான் போடுகிறேன்.

#21 பழைய டாஸ்காரன்

நான் மாட்டேன். ஆல்ட் 230, மேக்கின் ஆப்ஷன் எம், லினக்ஸின் கம்போஸ், மூன்றும் கொடுப்பது 181. உலகத்தில் உள்ள கோப்புகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கப்போகிறது. பழைய எழுத்துருக்களில் கிரேக்கம் இல்லாவிட்டாலும் 181 இருக்கும். மியூவைப் போட்டால் அந்த ஒரு எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் இருந்து கடன் வாங்கி வந்து கோணலாக நிற்கும்.

#22 குறியெண்

நியாயம். ஒரு கோப்புக்குள் ஒன்று மட்டும் இருந்தால் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாக்க நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓம் குறியை ஒமேகா ஆக்க யூனிகோடின் சாதாரண இயல்பாக்கமே (ஒரே எழுத்தின் வெவ்வேறு எண்களை ஒன்றாக்கும் வேலை) போதும். மைக்ரோவை மியூ ஆக்க அதைவிடக் கடுமையான இயல்பாக்கம் தேவை. அதை ஓட்டினால் மேலெழுத்துகளும் சாதாரண எழுத்தாகிவிடும். 10² என்பது 102 ஆகிவிடும். அறிக்கைக்கு மேல் ஓட்டிவிடாதீர்கள், மைக்ரோவை மட்டும் தேடி மாற்றுங்கள்.

#23 ஒற்றைவரி

சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் ° குறிக்கு முன்னால் தொப்பி போட்ட ஏ ஒன்று வருகிறதே, அது யார்?

#24 குறியெண்

யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு சேமிப்பு முறையில் பாகைக் குறிக்கு இரண்டு பைட்டு. எக்செல் அதைப் பழைய முறையென்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகப் படிக்கிறது. முதல் பைட்டுதான் அந்தத் தொப்பிக்காரர். கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறக்காமல், தரவு தாவல் வழியாக இறக்குமதி செய்து, குறிமுறை 65001 என்று கொடுங்கள். தொப்பி போய்விடும். கையால் ஒவ்வொரு தொப்பியாக அழிக்காதீர்கள், அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#25 அளவுகோல்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை உட்கார்ந்து முடித்தேன், கணக்கு இதோ.

8486 போட்டுத் தேடியதில் 63 ஓம் குறிகள் அகப்பட்டன, எல்லாம் ஒமேகா ஆகிவிட்டன. சிம்பல் எழுத்துருவைத் தேடியதில் 17 இடம், அதில் ஒன்பது μ. அச்சுக்கோப்பு சொன்னதை நினைத்துக்கொண்டு அந்த ஒன்பதையும் மூல அளவீட்டுத் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் மாற்றினேன். மைக்ரோவுக்கு 181 என்று எங்கள் குழுவில் முடிவாகிவிட்டது (குறியெண் மன்னிக்கவும்). தட்டச்சுக்குப் பின்சாய்வு வழியை எடுத்துக்கொண்டேன், ≤, ≠ மட்டும் ஆல்ட் எக்ஸ்.

இத்தனைக்குப் பிறகும் 112-ஆம் பக்கத்தில் ஒரே ஒரு Ω மட்டும் எந்தத் தேடலிலும் சிக்காமல் இருந்தது. ஆல்ட் எக்ஸ் அடித்துப் பார்த்தேன், 004-இல் தொடங்கும் எண். அது ஆங்கிலப் பெரிய ஓ. யாரோ அதற்கு அடிக்கோடு போட்டு ஓம் ஆக்கியிருக்கிறார்கள்.

#26 ஒற்றைவரி

நான் இல்லை.